ஏழுக்கு அடுத்தது ஒன்பது

திருக்கடலூர்ச் சங்கத்தின் படகுப் பதிவேட்டைச்
செயலாளர் யோகேந்திரம் வெறும் எழுத்தாய் அடித்துக்கொண்டு வந்தார்.
நான் சொல்லியிருந்த குறிகள் மூன்றுதான்:
தலைப்புக்கு முன் ஒரு #,
அழுத்திச் சொல்ல இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறி,
எண்ணுக்குப் பிறகு ஒரு புள்ளி.
"இவ்வளவுதானோ?"
இவ்வளவுதான். மிச்சத்தை நூலகம் பார்த்துக்கொள்ளும்.

நூலகம் என்றதும் அவர்
வலைநூல் விற்கிற கடையை நினைத்தார்.
நான் திருத்தவில்லை.
யாரோ முறுக்கி, யாரோ சிக்கெடுத்து,
காசு வாங்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போன நூல் என்பது
முழுப்பொய்யும் இல்லை.
உரிமத்தின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன்:
எந்த உத்தரவாதமும் கிடையாது.
"கடலும் அப்பிடித்தான்," என்றார்,
"எழுதித் தாறேல்லை, அவ்வளவுதான்."

உட்துறைமுக வீதியில் மாடி அறை.
கச்சான் காற்று யன்னலைப் பிடித்து ஆட்டுகிறது.
கீழே, பேருந்து நிலையப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
சோற்றுப் பார்சல் சுற்றின தாளைத் தின்கிறது.
அதன் முதுகெல்லாம் உடுக்குறி.
எதை அழுத்திச் சொல்கிறதென்று
எந்த நிரலும் இன்னும் வாசிக்கவில்லை.

ஒரே கட்டளை.
சங்கத்தின் பெயர் பெருத்து மேலே ஏறி நின்றது.
படகுகள் ஒன்றின்கீழ் ஒன்றாய்,
இழுத்துக் கரையேற்றியதுபோல வரிசையாய்.
நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

திரும்பி வரும்போது அவர் விரல் திரையில் இருந்தது.
"பிள்ளை, உது பிழை.
ஞானவடிவின்ர போட் எப்ப எட்டானது?"

கோப்பைத் திறந்தேன். அவர் சரியாகத்தான் அடித்திருந்தார்:
ஆறு, ஏழு, ஒன்பது, பத்து.
நூலகம் முதல் எண்ணை மட்டும் நம்பும்.
அதற்குப் பிறகு நாம் எதை எழுதினாலும்
விரல் மடக்கித் தானே எண்ணிக்கொள்ளும்.
விடுபட்ட எண் அதற்குக் கைத்தவறு.
முப்பத்திரண்டில் முடியவேண்டிய பட்டியல்
ஒன்றும் நடவாததுபோல்
முப்பத்தொன்றில் முடிந்திருந்தது.

எட்டை வேறு ஆருக்கும் குடுத்தால் என்ன, என்று கேட்டேன்.
"குடுக்கேலாது. எட்டுக்குச் சந்தா வருகுது.
மாதம் நூறு ரூபா.
கொண்டுவாறவ ரசீதில பேர் எழுத விடுறேல்லை.
நம்பரை மட்டும் போடச் சொல்லுவா."

அன்றிரவு மூலநிரலுக்குள் இறங்கினேன்.
எண்ணுகிற இடம் அகப்பட்டது; ஐந்தே வரி.
எழுதியவர் எந்த ஊரோ,
அங்கே எண்கள் விடுபடுவதில்லைப் போலும்.
மாற்றியிருக்கலாம், மூலம் திறந்துதானே கிடக்கிறது.
ஆனால் உதவிக் குறிப்பின் அடியில்
முன்பே ஒரு வழி இருந்தது:
எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு பின்சாய்கோடு.
இதைக் குறியாய் எடுக்காதே,
எழுதினபடி விடு என்று அதற்குப் பொருள்.

7\. கடலரசி
9\. முத்துமாரி

இப்போது பட்டியல் பட்டியலாய் இல்லை.
எல்லாப் படகும் ஒரே பந்தியில் முட்டிக்கொண்டு நின்றன,
மார்கழி மழைக்குக் கட்டிவைத்தது மாதிரி.
வரி முறிய வேண்டுமென்றால்
வரிக்கடைசியில் இரண்டு வெற்றிடம் தட்ட வேண்டும்.
கண்ணுக்குத் தெரியாது,
இருந்தால்தான் அடுத்தது கீழே இறங்கும்.
முப்பது வரிக்கு அறுபது வெற்றிடம்.
கடைசி வரிக்குத் தேவையில்லை.

காலையில் யோகேந்திரம்
கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
ஏழில் நின்றார். ஒன்பதுக்குப் போனார்.
திரும்ப ஏழுக்கு வந்தார்.
பிறகு,
"ஐஸ் விலை கூடிட்டுது பிள்ளை,
அதையும் மாத்தி விடும்" என்றார்.